வெள்ளைச்சாமியிடம் வராத பந்து

மழை விட்ட காலையில் மெத்தைக் கடைக்காரர் நனைந்த பஞ்சு மெத்தை ஒன்றை வெயிலில் போட்டிருந்தார். அதைத் தாண்டி நடந்த எனக்கு வெள்ளைச்சாமியின் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் ஹாக்கி கோல்கீப்பரான அவன் காலில் கட்டிக்கொள்ளும் பேடுக்குள்ளும் பஞ்சுதான். நனைந்தால் லேசில் காயாது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான், பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

அவனுக்குச் சாணார்பட்டிப் பக்கம். தக்காளி போட்ட குடும்பம், கிணறு வற்றி நொடித்துப்போயிருந்தது. நான் திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அணியில் ஒட்டிக்கொண்டேன். முன்கள ஆட்டக்காரன் என்று பேர்தான், ஓடியதைவிட மூச்சு வாங்கியதே அதிகம். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஆட்டம். பந்து கிடைத்தால் பத்துப் பேரும் எதிரி கோலுக்கு ஓடுவோம், பின்னால் நின்று காக்க வேண்டியவர்கள் உட்பட. பந்து திரும்பினால் வெள்ளைச்சாமி தனியாள். மூன்று நாலு பேர் அவன்மேல் பாய்வார்கள். முக்கால்வாசியைத் தடுப்பான், மிச்சம் உள்ளே போகும். ஐந்து வாங்கி ஆறு அடிப்போம். ஜனங்களுக்கு அது பிடிக்கும். அவனுக்கும் பிடிக்கும் என்பதுதான் வேடிக்கை.

அப்போது ஒரு நூற்பாலை தன் அணிக்குக் கோல்கீப்பர் தேடியது. எடுத்தால் நிரந்தர வேலை. கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர், இவனும் வெளியூர்க்காரன் ஒருவனும். அவன் ஆடிய வெளியூர் அணி பாதிப் பேரைப் பின்னாலேயே நிறுத்தி ஆடும். அதனால் அவனிடம் பந்து வருவதே அபூர்வம், வாங்கிய கோலும் சொற்பம். ஆலை மேலாளர் இருவரின் கணக்கையும் பார்த்து, எங்கள் ஆள் ஓட்டை என்று உதட்டைப் பிதுக்கினாராம். இருந்தாலும் இரண்டு அணிகளையும் மோதவிட்டு நேரில் பார்க்கச் சம்மதித்தார்.

ஆட்டத்துக்கு முன் எங்கள் கேப்டன், வெள்ளைச்சாமிக்குத் தெரியாமல் எல்லாரையும் கூப்பிட்டார். இன்றைக்கு ஒருத்தரும் மேலே ஏறக் கூடாது, அவன் ஒரு கோல்கூட வாங்கக் கூடாது என்றார். தலையாட்டினோம். அவன் வேலைக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா?

கோலைச் சுற்றிச் சுவர் எழுப்பின மாதிரி நின்றோம். எதிரணியும் வழக்கம்போல் ஏறி வரவில்லை. பார்க்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். வெள்ளைச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏலே, மேல போங்கடா. பின்னாடி நான் பாத்துக்கிறேன்.”

யாரும் நகரவில்லை. இரு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. அவன் பேடில் மண்கூட ஒட்டவில்லை. நாங்கள் பெருமையோடு மேலாளரிடம் போனோம்.

“உங்க கீப்பர் ஒரு பந்தத் தடுத்து நான் பாக்கலையேப்பா. எத வச்சு எடுக்கச் சொல்றீங்க?”

பழைய கணக்கை வைத்து மற்றவனை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளைச்சாமி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை.

அந்த மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம். சில வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு விசேஷத்தில் அவனைப் பார்த்தேன். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில், முன்பு கோல் இருந்த பக்கம், ஈரக் கையோடு நின்றிருந்தான்.

“அன்னைக்கு நீங்க மேல போயிருக்கலாம்ல அப்பு” என்றான், கோபமே இல்லாமல்.

போன ஐப்பசியில் அவன் திருப்பூரிலேயே இறந்துபோனான். வாங்கிய கோலுக்குத்தான் கணக்கு இருந்தது. தடுத்ததை ஒருத்தரும் எண்ணி வைக்கவில்லை. கண்ணால் பார்த்தவர்களில் இந்த ஊரில் மிச்சம் நானும் கேப்டனும்தான். கேப்டனுக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரிவதில்லை.