ரஞ்சிதம் வீட்டு வண்டு

எனக்கும் ரஞ்சிதத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். அவள் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் கண் எரியும். அப்படியிருக்க, அவள் வீட்டு வண்டு மட்டும் என் வீட்டுக்கு வராமல் இருக்குமா? மூன்று மாதமாக வந்தது. ரவையில் வந்தது, மல்லித்தூளில் வந்தது, பிஸ்கட் டின்னில்கூட வந்தது. சலித்துச் சலித்து என் கை ஓய்ந்துவிட்டது.

ரஞ்சிதம் தேயிலைத் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் அர்ஜுனன் எஸ்டேட் லோரி ஓட்டினவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் குமுதா. அவளை லெம்பா பெர்த்தாமில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தாள். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற ரஞ்சிதம் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வருவாள். நாளெல்லாம் நின்ற காலை நீட்டி உட்காருவாளா என்றால் அதுவும் கிடையாது. முறத்தை எடுத்துக்கொள்வாள். அவள் புடைக்கிற சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். கேட்டாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

அவள் அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. குமுதாவுக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது. பிள்ளை பெறும்வரை அம்மா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. இது இரண்டாவது. முதல் பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுபோனது. அதனால் இந்தத் தடவை மகள் காலை வைக்கும்போது வீட்டில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று ரஞ்சிதம் ஒற்றைக் காலில் நின்றாள்.

"புள்ளத்தாச்சி திங்கிற சோத்துல வண்டு கெடக்கலாமாக்கா? சம்பந்தி வீட்டுல என்னா நெனைப்பாங்க?"

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போறாங்க. நீ கொஞ்சம் படு."

படுப்பாளா? எல்லா டின்னையும் இறக்கி வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். பலகையில் இடுக்கு இடுக்காகத் துணியை விட்டுச் சுரண்டினாள். அரிசிக்குள் காய்ந்த மிளகாயைப் போட்டாள். கீழே ஈப்போவில் இருந்து வேப்பிலை வரவழைத்துப் பருப்புக்குள் வைத்தாள். வெயிலில் காய வைக்கலாம் என்றால் இந்த மலையில் வெயில் ஏது? பாயை விரிப்பதற்குள் மேகம் வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் இங்கே நாங்கள் எல்லாரும் சாமான் டின்களை அடுப்புக்கு மேலே பலகை அடித்து வைப்பது. இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். அந்தச் சூடு பூசணத்தைத்தான் விரட்டும், வண்டுக்கு அது சொகுசு என்பது எங்கள் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

கடைசியில் நான்தான் ஒரு சின்ன போத்தலில் நாலு வண்டைப் பிடித்துப் போட்டு அவளையும் இழுத்துக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போனேன். சாமான் கடை ஹரிதாஸ் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது அரிசி வண்டு இல்ல லா. அரிசி வண்டுக்கு முன்னால மூக்கு ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். இது உருண்டையா, செவப்பா இருக்கு பாருங்க. மருந்துச் சாமான் திங்கிறது. எங்கயோ பழைய சுக்கு, திப்பிலி கெடக்கு. அதத் தேடித் தூக்கிப் போடுங்க. புதுசா வாங்குற மாவு, ரவையெல்லாம் நாலு நாளு பிரீசர்ல வச்சிட்டு எடுங்க. பழச வச்சிக்கிட்டு என்னா கழுவினாலும் திரும்பி வரும்."

"அப்படி ஒண்ணும் எங்க வீட்டுல இல்ல," என்றாள் ரஞ்சிதம்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கடை வாசலைப் பார்த்தாள்.

இருந்தது. அடுப்புக்கு மேலே, பலகைக்குப் பக்கத்து ஆணியில், ஒரு மஞ்சள் துணி முடிச்சாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் தாய்க்காரி பத்திய மருந்துக்குச் சுக்கு, திப்பிலி, ஓமம், பிள்ளைக்கு வசம்பு எல்லாம் வாங்கி, மாரியம்மனுக்கு ஒரு காசும் வைத்து முடிந்து கட்டுவாள். பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும். முதல் பிள்ளைக்குக் கட்டிய முடிச்சு அது. சத்தம் கேட்கவில்லை, அவளும் அவிழ்க்கவில்லை. இந்தப் பிள்ளைக்கென்று வேறு கட்டவும் இல்லை. மூன்று மாதமாக வீடு முழுக்கக் கழுவினவள் அதன் மேல் ஒரு துணி படவிடவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் எந்த வாயால் சொல்வது? பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

குமுதா சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். மறுநாள் காலை உப்புமா கிண்டலாம் என்று ரவை டின்னைத் திறக்கிறேன், மூன்று வண்டு. ஹரிதாஸ் சொன்னபடி நாலு நாள் பிரீசரில் வைத்து எடுத்த புது ரவை ஐயா! எனக்கு வந்ததே ஆத்திரம். டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் குசினிக்குள் போய் நின்றேன்.

"ஏண்டி ரஞ்சிதம், ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா? தலைக்கு மேல தொங்குறத விட்டுட்டு ஊரெல்லாம் கழுவுறியே!"

வாயை விட்டுவிட்டேன். குமுதா மேசையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என்னாம்மா?"

"ஒண்ணும் இல்ல. நீ பசியாறு."

குமுதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆணிக்குக் கீழே போய் நின்றாள். துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஒரு வண்டு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"போன தடவ கட்டுனதா?"

"தொடாதடி!" ரஞ்சிதம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "புள்ள சத்தம் கேக்காம அத அவுக்கக் கூடாது. ஒனக்கு நல்லதில்ல."

குமுதா சத்தம் போடவில்லை. அவளுக்கும் களைப்புதான். "போன தடவ நீ அவுக்கவே இல்லியேம்மா," என்றாள். "அப்பவும் புள்ள போயிடுச்சே."

ரஞ்சிதம் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள்.

"தெரியும்டி. கடைக்காரரு சொன்ன அன்னிக்கே தெரியும். எனக்கென்ன கூறு இல்லியா? அந்தப் புள்ளைக்கின்னு இந்த வீட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில வந்து பாருங்கன்னாங்க. நான் போகல. எனக்கு தைரியம் இல்ல. மொகத்தக்கூடப் பாக்கலடி."

"நான் பாத்தேம்மா," என்றாள் குமுதா. "நெத்தி அப்படியே ஒன்னோடது."

பிறகு ரஞ்சிதம் எழுந்து முடிச்சை இறக்கினாள். புகையும் எண்ணெயும் ஏறி முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே சுக்கு தொட்டதும் மாவாக உதிர்ந்தது. வசம்பு சல்லடை ஆகியிருந்தது. காசு மட்டும் காசாக இருந்தது. அதை எடுத்துக் கழுவிச் சாமி மேடையில் வைத்துவிட்டு, மற்றதைத் துணியோடு சுருட்டிக்கொண்டுபோய், வெளியே குளிக்கிற தண்ணீர் காயும் அடுப்பில் போட்டாள். குமுதாவும் பக்கத்தில் போய் நின்றாள். ஓமம் பொரிகிற வாசம் கொஞ்சம் வந்து அடங்கியது.

இனி எனக்கு அங்கே என்ன வேலை? ரவை டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் வாசற்படியில் கால் வைக்கும்போது ரஞ்சிதத்தின் குரல் கேட்டது.

"நெத்தி மட்டுந்தானா?"

"காதும்," என்றாள் குமுதா.