புளுகனின் சிவப்பு விளக்கு

காலையிலிருந்து நாலாவது தடவையாகப் பின்கதவின் ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்க்கிறார் மெக்கானிக். கசிவு இல்லை. இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் பழுது காட்டும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ‘பின்கதவில் கசிவு’ என்கிறது.

“அட விடுப்பா. புளுகன் என்னிக்கு உண்மை பேசினான்?” என்கிறார் புதிதாக வந்த கேப்டன். காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் அந்தக் கப்பலில் பெட்டிக்கு அதுதான் பெயர். பத்து தடவை கத்தினால் ஒன்பது பொய்.

“மிச்சம் ஒண்ணு எதுன்னு அவன் சொல்றதில்லையே, சார்” என்றபடி மெக்கானிக் அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றுகிறார்.

கெட்டிக்காரர் என்று இவரைச் சொல்லிவிட முடியாது. பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் பிந்தி வந்ததுதான். முன்பெல்லாம் விளக்கு எரிந்தால் பெட்டியின் தலையில் ஒரு தட்டு. அடங்காவிட்டால் விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். அப்படி டேப் ஒட்டிய ஒரு பயணத்தில்தான், கப்பலைச் சரியான நாளுக்குத் திருப்பிக் கொண்டுவரும் திரும்பும் கடிகாரம் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. மூன்று நாளில் வரவேண்டிய கப்பல் பத்தொன்பது வருஷம் கழித்து வந்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு மூன்றே நாள். இவருக்குத் தாடிகூடச் சரியாக வளரவில்லை.

வெளியே தங்கைக்கு நரைத்திருந்தது. “அண்ணன் வரட்டும்” என்று இரண்டு தடவை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது தடவை காத்திருக்கவில்லை. இதை அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மதியம் அவள்தான் சாப்பாடு கொண்டுவருகிறாள். “உங்க அக்கா வந்திருக்காங்க” என்று வாசலில் காவலாளி குரல் கொடுப்பார். இவர் திருத்துவதில்லை. பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பாடு.

இன்றும் வந்தாள். நாளைக்குப் பயணம்.

“எத்தனை நாள்ணா?”

“ரெண்டு.”

“போன தடவை மூணுன்னே.” அவளே சிரித்தாள். “இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா, நீ என்னைப் பாட்டின்னுதான் கூப்பிடணும்.”

இவர் தலையைக் குனிந்து இன்னொரு கவளம் பிசைந்தார்.

அப்போது சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது: ‘திரும்பும் கடிகாரத்தில் பழுது.’ நேற்றுதான் இரண்டு தடவை முழுதாகப் பிரித்துப் பார்த்த கடிகாரம். இவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

அவள் பாதி சாப்பிட்ட தட்டை மூடி வைத்தாள். டார்ச்சை எடுத்து, அவர் கழற்றப்போகும் முதல் ஸ்க்ரூவின் மேல் வெளிச்சம் பிடித்தாள்.