அக்காவுக்கு ஒரு பெட் டீ

எங்கள் அக்கா விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறவள். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நான் விழித்திருந்ததாக எனக்கு நினைவில்லை. உக்குவளையில் எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர்தான்: அக்கா, அத்தான், நான். அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை பார்க்கிறார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்பதால் அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுகிறேன். மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன்.

போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் படுத்துவிட்டேன். காலையில் அக்கா இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நான் தலையணையில் சாய்ந்துகொண்டு குடிப்பதை நின்று பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எப்பிடிடீ இருக்கு, படுக்கையில இருந்துக்கிட்டே டீ குடிக்கிறது?"

"ஏன், நீ குடிச்சதே இல்லையா?"

"எனக்கு யாரு போட்டுக் குடுத்தா?"

குறையாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி மறந்திருப்பேன். அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் போய்வந்த ஏதோ ஒரு ஊரைப் பற்றிக் கேட்கிறமாதிரி, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் என்னை என்னவோ செய்தது.

எங்கள் வீட்டில் பெட் டீ என்பது தெரியாத சங்கதி இல்லை. றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தார். தினமும் குளிரில் எழுந்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் டீயை வைத்து, துரையின் அறைக் கதவைத் தட்டுவார். அம்மாவுக்கு ஒரு நாளும் அவர் அப்படித் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. பெட் டீ குடிக்கிறவர்கள் வேறு, போடுகிறவர்கள் வேறு என்று நாங்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

காய்ச்சல் விட்டதும் நான் அத்தானிடம் சொன்னேன். அத்தான் நல்ல மனுஷன். "இதென்ன பெரிய விசயம், நாளைக்கே போட்டுக் குடுக்கிறேன்" என்றார். சொன்னபடியே எழுந்தும் விட்டார். ஆனால் தேயிலை எந்த டின்னில், டீ வடி எங்கே தொங்குகிறது, கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருகுவது என்று ஒவ்வொன்றாக அறைக்கு வந்து கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அக்கா எழுந்துவிட்டாள். அத்தான் போட்ட டீயை அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தாள். நானும் முயன்று பார்த்தேன். நான் அலாரம் வைத்து எழுந்து போனால், அக்கா எனக்கு முன்னால் எழுந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். அந்த அடுப்படி இருக்கிற வீட்டில் அவளைப் படுக்கவைக்க முடியாது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படித்தான் ஹோட்டல் யோசனை வந்தது. பொலன்னறுவை என்று முடிவு செய்ததும் நான்தான். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை அங்கே ட்ரிப் கூட்டிப் போகிறேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் தலைகளைத்தான். எத்தனை பேர் பஸ்ஸில் ஏறினார்கள், எவன் குளத்துப் பக்கம் ஓடினான் என்று எண்ணியே ஒவ்வொரு ட்ரிப்பும் முடிந்துவிடும். சோழர் கட்டிய சிவன் கோயிலுக்குள் ஒரு தடவையாவது நிம்மதியாக நிற்கவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. டிசம்பர் லீவில் நாம் இரண்டு பேரும் மட்டும் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். பெட் டீயைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் "எனக்காகவா இவ்வளவு செலவு" என்று ஆரம்பித்துவிடுவாள்.

விலை குறைந்த ஹோட்டல் தேடுவது ஒரு கலை என்று நினைத்தேன், அது ஒரு தலைவலி என்று பிறகு தெரிந்தது. போனில் பார்த்தால் எல்லா அறையிலும் குளிக்கிற துவாயை அன்னமாக மடித்து வைத்திருக்கிறார்கள். அன்னத்தை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? தங்கிப் போனவர்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். ஒருவருக்குக் குரங்கு பெரிய தொல்லையாம். இன்னொருவருக்குக் குளியலறையில் தவளையாம். அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தவளை அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும். கதவுக்குத் தாப்பாள் இருக்கான்னு பாரு" என்றாள்.

கடைசியில் குளத்துக்குக் கிட்ட ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் அகப்பட்டது. கீழே வீட்டுக்காரர்கள், மேலே நாலைந்து அறை. நானே போன் எடுத்துச் சிங்களத்தில் பேசினேன். பேசியது அந்த வீட்டு அம்மா. காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு என்றார். அதற்கு முன்னால், விடிகிற நேரத்தில், அறைக்கே டீ கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டேன். வெள்ளைக்காரர்கள்கூட இப்போது அப்படிக் கேட்பதில்லையே என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். "அக்காவைக் கூட்டிக்கொண்டு வா நங்கி, நானே கொண்டுவந்து கதவைத் தட்டுகிறேன்" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. அந்த ஒரு வார்த்தைக்காகவே அறையைப் பேசி முடித்துவிட்டேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்காவின் முகம் சரியாக இல்லை.

"பெரியம்மா மகனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றாள்.

பெரியம்மா மகன், எங்களுக்கு அண்ணன் முறை, பொலன்னறுவையைத் தாண்டி மன்னம்பிட்டியில் பெண் எடுத்து அங்கேயே கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டில்தான் தங்கவேண்டும். வேறு இடத்தில் தங்கினால் அவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் நான் அவருக்குச் சொல்லவேண்டாம் என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அக்காவோ, பின்னால் தெரிந்தால் மனம் வருந்துவாரே என்று, "உங்க ஊருக்குத்தான் வாறோம், ஆனா ஹோட்டல்ல தங்குறோம், தப்பா நெனைக்காதீங்க" என்று முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள்! இப்படி ஒரு மரியாதையை எங்கள் வீட்டை விட்டால் வேறெங்கே பார்க்க முடியும்?

அண்ணன் என்ன சொன்னாராம் தெரியுமா? "நாங்க இங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"அதனால நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்கே வாறோம்னு சொல்லிட்டேன். பாவம்டீ, கோவிச்சுக்கிட்டாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த குடையைத் தூக்கி மூலையில் எறிந்தேன். சொந்தக்காரர் வீட்டில் அக்கா எப்படி விருந்தாளியாக இருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போவாள். வெங்காயத்தை இழுத்து வைத்துக்கொண்டு உரிப்பாள். அடுத்த நாள் விடியுமுன் அந்த வீட்டிலும் அவள்தான் முதலில் எழுந்து எல்லாருக்கும் டீ போடுவாள். கோபத்தில் வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உனக்கு ஒரு நாளாவது பெட் டீ கிடைக்கட்டும் என்றுதானே இத்தனை பாடு பட்டேன் என்று கத்தினேன்.

அக்கா குனிந்து குடையை எடுத்து, கம்பி வளைந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தாள். "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கும் அது வேண்டும்போல் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரவு முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அடுத்த நாள் மத்தியானம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, மன்னம்பிட்டி அண்ணி என் போனுக்கு எடுத்தார். அதற்கு முன் அவர் என்னோடு தனியாகப் பேசியதேயில்லை. கிழக்குப் பக்கத்துத் தமிழ், மெதுவாகத்தான் பேசுவார்.

"தங்கச்சி, அக்கா எனக்கு எல்லாம் சொன்னா. அந்தக் கெஸ்ட் ஹவுஸ் அறையை வேணாமெண்டு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லல அண்ணி. இன்னைக்குத்தான் சொல்லணும்."

"சொல்லாதைங்க." கொஞ்சம் தயங்கினார். "அதில எனக்கும் ஒரு கட்டில் போடுவாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவருடைய வீட்டிலிருந்து அந்த இடம் ஒரு பஸ் ஓட்டம்தான். அதைச் சொன்னேன். "அதுக்கென்ன" என்றார் அண்ணி. "நானும் கல்யாணம் முடிச்ச நாளிலிருந்து வெள்ளனத்தான் எழும்புறன்."

அண்ணன் விடுவாரா என்று கேட்டேன். அதற்கு அண்ணி சொன்ன வழியைக் கேட்டு, இத்தனை காலம் இவரை ஊமை என்று நினைத்திருந்தேனே என்று வெட்கப்பட்டேன். அவர் அண்ணனிடம் போய், "உங்கட தங்கச்சிமார் ரெண்டு பொம்பளையள், தனியா ஹோட்டலில படுக்கிறது சரியா? அறைக்கும் காசு பேசிட்டாங்க. நான் துணைக்குப் போறன். பகல் சாப்பாடு நம்மட வீட்ட" என்றாராம். அண்ணன் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான், பொம்பளைங்களைத் தனியா விட ஏலாது" என்று அவரே கட்டளை போட்டுவிட்டாராம். சொந்தக்காரர் வீட்டில்தான் தங்கவேண்டும் என்ற வழக்கத்தை, பெண்கள் தனியாகத் தங்கக்கூடாது என்ற வழக்கத்தை வைத்தே அண்ணி மடக்கிப் போட்டார். எனக்கு அந்த இரண்டு வழக்கமும் பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு பை கட்டுகிற படலம். அக்கா சின்ன மின்சாரக் கேத்தலைத் துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி தேடிப் பார்த்தால் அது அடியில் சேலைக்குள் சுற்றியிருக்கிறது. கூடவே தேயிலை, சீனி, பால்மா.

"அவசரத்துக்கு இருக்கட்டும்டீ. அங்க டீ தண்ணி மாதிரி இருந்தா?"

"தண்ணி மாதிரி இருந்தாலும் அதைத்தான் குடிக்கிற!"

கேத்தலைக் கொண்டுபோய் அத்தானிடம் கொடுத்து, நாங்கள் பஸ் ஏறும்வரை கையை விட்டு இறக்கக்கூடாது என்று சொன்னேன். அத்தான் அதை மாத்தளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் கிளம்பும்போது அந்தக் கேத்தலை ஆட்டித்தான் எங்களுக்கு டாட்டா காட்டினார். இவரை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே ஆட்டோவில் அண்ணியைக் கூட்டி வந்து கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றார். மேலே ஏறி வந்து தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுத் திறந்து பார்த்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே குரங்கு உட்கார்ந்திருந்த மரத்தை முறைத்தார். "பரவாயில்ல, நல்ல எடந்தான்" என்று ஒப்புக்கொண்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அவர் கிளம்புகிற நேரத்தில் அண்ணியின் பை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ஃபிளாஸ்க். நான் அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து அனுப்பினேன். அண்ணியும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் சிவன் கோயிலுக்குப் போனோம். யாருடைய தலையையும் எண்ணாமல் ஆசைதீர நின்றேன். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

காலையில் கொக்குகளின் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்தது. ஜன்னலில் வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. அக்கா எழுந்து போயிருப்பாள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டிலிலேயே இருந்தாள். கழுத்துவரை போர்த்திக்கொண்டு, மல்லாந்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தூங்குகிறவர்கள் அப்படி மூடமாட்டார்கள். ட்ரிப்பில் பிள்ளைகள் எனக்குப் பயந்து தூங்குவதாக நடிப்பார்களே, அதே மூடல். பக்கத்துக் கட்டிலில் அண்ணியும் அப்படியே. இரண்டு பேரும் எப்போதோ விழித்துவிட்டு, அசையாமல், காத்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

நானும் அசையாமல் கிடந்தேன்.

படியில் காலடிச் சத்தம் வந்தது. கோப்பைகள் தட்டில் லேசாக மோதின. கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். அக்காவின் இமை துடித்தது, ஆனால் திறக்கவில்லை. நான் எழுந்து கதவைத் திறந்தேன். அந்த வீட்டு அம்மாவே தட்டோடு நின்றார். தட்டில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. உள்ளே எட்டி இரண்டு கட்டிலையும் பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்துச் சிரித்து, தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அக்காவின் தோளைத் தொட்டேன்.

"அக்கா, டீ."

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"விடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் எல்லாரும் அவளிடம் கேட்கிற கேள்வி அது. அவள் யாரிடமும் கேட்டு நான் கேட்டதில்லை.

"விடிஞ்சிருச்சுக்கா" என்றேன். "நீ அவசரமில்லாம ஆறுதலாக் குடி."