எலியின் வாசல் திறக்காத மூன்று வருடம்

சென்ற வாரம் மருமகள் பன் சுடுவதற்கு ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்தப் புளித்த வாசம் எழுந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாவம், அவளுக்கென்ன தெரியும்? மூன்று வருடம் அந்த வாசத்தோடு மல்லுக்கட்டியவள் நான்.

எண்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் எங்கள் ஆய்வுக்கூடம். ஈஸ்ட் வளர முப்பது டிகிரி சூடு வேண்டும். கரண்ட் போனால் வளர்ப்புப் பெட்டியைக் கம்பளியால் போர்த்துவோம். எனக்கே அவ்வளவு கம்பளி கிடையாது.

உயிரணுவின் சவ்வில், சர்க்கரையை உள்ளே விடும் வாசல்போல ஒரு புரதம் உண்டு. சொந்த வாசல் பழுதான ஈஸ்டுக்குள் அந்தப் புரதத்துக்கான எலியின் மரபணுவைச் செலுத்துவோம். எலியின் வாசல் அங்கே வேலை செய்தால் ஈஸ்ட் சர்க்கரை தின்று வளரும். இல்லாவிட்டால் அதை வளர்க்கும் கண்ணாடித் தட்டு வெறுமையாகக் கிடக்கும். கிடந்தது. ஆய்வை நடத்திய பேராசிரியர் மதுரையிலிருந்து போனில் கேட்பார்: "தப்பு எலி மேலயா, உங்க மேலயா?"

ஒரு பேரிக்காய்ப் பருவத்தில் தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகளாய் ஈஸ்ட். உடனே மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். அடுத்த வாரக் கூட்டத்தில் அறிவித்துவிடுவதாகச் சொன்னார் பேராசிரியர்.

ராசாத்தி என் வயதுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். தட்டுகளைக் கழுவுவதும் ஈஸ்டுக்குத் தீனி காய்ச்சுவதும் அவள்தான்.

"மிஸ், எலிச் சமாச்சாரம் போடாத தட்டுலயும் இதே மாதிரி மொளைச்சுக் கெடக்கு. ஒருக்கா பாருங்க" என்றாள்.

"நீ கழுவுற சோலியைப் பாரு" என்றேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். எலுமிச்சை வடிவத்தில் உயிரணுக்கள். எங்கள் ஈஸ்ட் உருண்டையானது. ஜன்னலுக்கு வெளியே கூடை கூடையாய்ப் பேரிக்காய் அழுகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த காட்டு ஈஸ்ட்.

மறுபடியும் டிரங்க் கால்.

"எப்படிங்க தெரிஞ்சது?" என்றார் பேராசிரியர்.

ராசாத்தி இரண்டடி தள்ளி குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சந்தேகமா இருந்துச்சு சார். நானே திரும்பப் பாத்தேன்" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு அவள் அடுத்த குடுவையை எடுத்தாள். அதற்குப் பிறகு எந்தத் தட்டைப் பற்றியும் அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. மறு வருடம் ஆய்வு நின்றது.

பல வருடம் கழித்து, வேறு யாரோ வேறு நாட்டில் ஈஸ்டைச் சற்று மாற்றிப் பாலூட்டியின் வாசலைத் திறந்துவிட்டார்கள். நூலகத்தில் நின்றபடியே படித்தேன்.

அதன்பின் ஒருமுறை கொடைக்கானல் போனேன். பங்களா லாட்ஜாகிவிட்டது. பேரிக்காய்த் தோட்டத்தில் கார்கள் நின்றன. வில்பட்டிக்குப் போகும் வழியில் ராசாத்தி இருந்த வரிசை வீடுகளைத் தேடினேன். அங்கே கேரட் போட்டிருந்தார்கள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"இங்கிட்டு வீடே இருந்ததில்லைங்களே" என்றாள்.