ஆறு பேசியது, ஃபோன் பேசவில்லை

போன வாரம் மணிமுத்தாறு அணையைத் திறந்தார்கள். சுடலைமுத்து அண்ணாச்சியின் இரண்டு ஆடுகள் தாமிரபரணியோடு போய்விட்டன.

அண்ணாச்சி என் பக்கத்து வீட்டுக்காரர். பார்வை கிடையாது. ஆனால் வாழைத்தார் விலை முதல் வாட்ஸ்அப் வம்பு வரை எல்லாவற்றையும் அவருடைய ஃபோன் வாசித்துச் சொல்லிவிடும். வெள்ள எச்சரிக்கையையும்தான்! அணை திறந்தால் எந்தக் கரையில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று ஒரு தன்னார்வக் குழு இணையத்தில் வரைபடம் போடுகிறது. லிங்க்கைத் தொட்டால் ஊர்ப்பெயர், நீர்மட்டம் எல்லாவற்றையும் ஃபோன் ஒவ்வொன்றாக வாசிக்கும். அண்ணாச்சி ஆற்றங்கரையில் கட்டியிருக்கும் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவந்துவிடுவார்.

இந்த முறை ஃபோன் ஒரே வார்த்தைதான் சொன்னது. “படம்.”

மறுபடி தொட்டார். “படம்.”

“தண்ணி வார சத்தம் கேட்டுத்தான் ஓடுனேன் வே. மத்தத அவுத்துட்டேன், ரெண்டு கயித்தோட போயிட்டு. ஆறு வாயத் தொறந்து சொல்லுது, ஒங்க படம் சொல்ல மாட்டேங்கு!” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் அந்தக் குழுவின் அறைக்கே போய்விட்டேன். வரைபடம் தயாரிக்கும் மதன் சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

“டிசைனை மாத்திட்டோம் சார். சில ஃபோன்ல தமிழ் எழுத்து கட்டங்கட்டமா தெரிஞ்சுது. அதான் எல்லா எழுத்தையும் பாலிகனா மாத்திட்டோம்.”

அதாவது... ‘அ’ இனிமேல் எழுத்தே இல்லை. அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே கறுப்பு அடித்த ஒரு வடிவம். நம் கண்ணுக்கு அதே ‘அ’தான். வாசிக்கும் ஃபோனுக்கோ வெறும் கிறுக்கல்.

“இப்ப எதுலயும் உடையாது. எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க சார்!”

பாருங்களாம்! பார்க்க முடியாதவர் என்ன செய்வார், தம்பி? ஆபத்தைச் சொல்லத்தானே படம் போட்டீர்கள்? படம் அழகாகவே இருக்கட்டும் – கூடவே நாலு வரி எழுத்தாக வைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்? கத்தியே விட்டேன்.

மதன் முகம் வாடிப்போனது. “இத யோசிக்கல சார். கீழ எழுத்தாவும் போட்டுருதோம்.”

நம் ஊரில் எச்சரிக்கையை வெளியிட்டாயிற்றா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆளே கிடையாது.

நேற்று மறுபடி மழை. மறுபடி லிங்க். அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டே ஃபோனைத் தொட்டார். சொன்ன சொல் தவறாமல், படத்துக்குக் கீழே ஒரு வரி டைப் செய்திருந்தார்கள். ஃபோன் கணீரென்று வாசித்தது:

“முழு விவரம் மேலே உள்ள படத்தில்.”