சிவந்த விரலில் தெரிந்த நீலம்

பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்டது ஒரு நகத்தை. அது நீலமாக இருந்தது.

நீங்கள் நம்பப்போவதில்லை. நானும் இப்படிப்பட்ட கதைகளை நம்பியவனல்ல. கல்முனையில் இருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த எண்பதுகளில், ஜின்னைக் கண்டேன் என்று வந்தவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என் மூத்த சகோதரிக்கு, ராத்தாவுக்கு, கொழும்பில் இதய சத்திரசிகிச்சை நடந்தது. மருதமுனைக்குக் கூட்டிவரும்போது டொக்டர் என்னிடம் சொன்னது ஒன்றைத்தான்: இரத்தம் ஓடினால் மட்டும் போதாது, ஒட்சிசன் விரல் நுனிவரை போகவேண்டும். நகத்தை அழுத்தி விட்டுப் பார், உடனே சிவக்க வேண்டும். நகமோ உதடோ நீலமானால் தாமதிக்காதே. அங்கே அதைப் பார்க்க இயந்திரம் இருந்தது, இங்கே என் கண்தான்.

அன்று பெருநாளைக்கு முதல்நாள். கல்முனைக்குப் போய்த் திரும்பி வந்தால், ராத்தாவின் பத்து விரலிலும் மருதோன்றி. கால் நகங்களையும் விடவில்லை. வாயில் வெற்றிலை, உதடும் நாக்கும் சிவப்பு. பார்க்கச் சொன்ன இடமெல்லாம் சாயம்.

"யார் வெச்சது?" என்று கத்தினேன்.

"நான்தான்," என்றா ராத்தாவின் கணவருடைய தங்கை சபியா மச்சி. "உசிரோட வந்த மனிசி பெருநாளைக்கி வெறுங்கையோட இரிக்கிறதா? மச்சான், நீங்க பேப்பருக்கு எழுதுங்க, நகத்த எங்களுக்கிட்ட உடுங்க."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்டுமில்ல தம்பி, நித்திரதான் வருது," என்றா. கண் சொருகியது. நான் கட்டிலின் இடதுபக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்தேன், மச்சி வலதுபக்கம் இருந்தா.

அப்போதுதான் கண்டேன். இடது கை மோதிரவிரல் நகத்தில் சாயமே இல்லை, கழுவிவிட்டதுபோல் வெறுமையாக, மைபட்டதுபோல் நீலமாக. அழுத்தினேன், வெளுத்தது, சிவப்புத் திரும்பவில்லை. கார் பிடிக்கச் சொல்ல எழுந்தால், மச்சி எனக்கு முன்பே வாசலில் நின்று ஆளை அனுப்பிக்கொண்டிருந்தா.

ஆஸ்பத்திரியில் உடனே ஒட்சிசன் வைத்தார்கள். மூச்சு சீரான பிறகு அங்கிருந்த டொக்டர் என்னைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டு, நல்லவேளை, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார். "இவ்வளவு மருதோன்றிக்குள்ள எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த நகத்தப் பாருங்க," என்று ராத்தாவின் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். பத்தும் சிவப்பு. மோதிரவிரல் மற்றதுகளைவிடக் கொஞ்சம் கடும் சிவப்பு. டொக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். களைப்பில் கண் ஏமாற்றியது என்று நானும் முடிவுகட்டினேன்.

மறுநாள் மச்சி கஞ்சியோடு வந்தா. என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் குரலை இறக்கிக் கதைத்தா.

"மச்சான், சொன்னா சிரிக்கப்படாது. நான் வெச்ச மருதோன்றி, ஒரு நகத்துல மட்டும் இல்லாமப் போய் நீலமாத் தெரிஞ்சிச்சி. அதக் கண்டுதான் காருக்கு ஆள் அனுப்பின."

எந்த விரல் என்று கேட்டேன்.

"வலக்கைப் பெருவிரல்," என்றா. "மத்த ஒம்பதும் செக்கச்செவேலெண்டு இருந்திச்சி."