மேனேஜர் இறங்காத கட்டில்

அந்த ஊரில் நாய் விஷயத்தில் பெயர் எடுத்தவர்கள் மூன்று பேர். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் காலை வேளைகளில் நாய்களை வரிசையாக நடத்துபவர் விசில்காரர். நாய் கூட்டத்துப் பிராணி, கூட்டத்துக்கு ஒரு தலைவன் வேண்டும், தலைவன் குழம்பினால் வால் வரைக்கும் குழப்பம்தான் என்பது அவர் கட்சி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் வாத்தியார். அவரிடம் தலைவனும் கிடையாது, தொண்டனும் கிடையாது. செய்த வேலைக்கு உடனே கூலி. செய்யாத வேலைக்குக் கூலியும் இல்லை, கோபமும் இல்லை. அவர் பேருந்தில் ஏறினால் தெருநாய்கள் அடுத்த நிறுத்தம் வரைக்கும் வழியனுப்ப வரும் என்று விசில்காரர் சொல்லுவார்.

மூன்றாமவர் கம்பளியம்மா, விசில்காரரின் மனைவி. அவர் நாயை ஒன்றும் செய்வதில்லை.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூப்பிட்ட வீட்டுக்குப் போவார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன பழைய கம்பளியைத் தரையில் விரிப்பார். நாய்க்கு முதுகைக் காட்டி உட்காருவார். நாயின் கண்ணைப் பார்க்கமாட்டார். நாய் எதைப் பார்க்கிறதோ அதைப் பார்ப்பார். மெதுவாக ஒரு கொட்டாவி விடுவார். அதற்குப் பிறகு அவர் விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று வீட்டுக்காரர்களால் சொல்ல முடியாது. வந்த இடத்தில் தூங்குகிறாளே என்று சிலர் முகம் சுளித்ததுண்டு. ஆனால் எப்படியோ, வீட்டையே இரண்டாக்கிய நாய்கூடக் கடைசியில் அந்தக் கம்பளியில் வந்து சுருண்டுகொள்ளும்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டில் வெந்நீர்க் குழாயை ஒட்டி ஒரு காவல்நாய் படுத்திருக்கும். ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால், தண்ணீருக்குள் கிடப்பதுபோல் அது தெரியும். கை தானாக மடிக்கும், தேய்க்கும், அடுக்கும். கண் நாயின் மேல் இருக்கும். அது குரைப்பதற்கு முன்னால் வாயை மூடிக்கொள்கிறது என்பதை அங்கேதான் கண்டார். நாக்கு உள்ளே போகும், உதடு சேரும், அதற்கப்புறம்தான் குரைப்பு. ஒரு நாள் விசில்காரர் தன் நாய்களோடு அந்தப் பின்கட்டு வழியாகப் போனபோது, உங்க மூணாவது நாய் வாயை மூடிடுச்சு, கயிற்றை இறுக்காதீங்க, தளர்த்துங்க என்றார் கம்பளியம்மா. விசில்காரர் தளர்த்தினார். தன் வாழ்நாளில் அவர் ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று இப்போதும் இருவருமே சொல்வார்கள், ஆளுக்கொரு தொனியில்.

கம்பளிக்கும் ஒரு வரலாறு உண்டு. விடுதியில் கழித்துப் போட்டது. தரையில் நகராமல் இருக்கட்டும் என்று அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை பட்டையாகத் தைத்திருந்தார்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் தையலம்மா ஆளனுப்பினார். மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவர். அவர் கணவர் அச்சகத்தில் காலமெல்லாம் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டு வந்த வாரமே ஒரு பழுப்பு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தார். இத்தனை வருஷம் மேனேஜர் சொல்லி நான் உட்கார்ந்தேன், இனிமே நான் சொல்றேன், மேனேஜர் உட்காரட்டும் என்றாராம். மேனேஜரும் உட்கார்ந்தது. இருவரும் அப்படியே வயதானார்கள். அந்தக் கோடையில் அவர் படுக்கையில் விழுந்தார், மழையோடு போய்விட்டார்.

அதிலிருந்து நாய் அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கட்டிலின் ஒரு பக்கத்தை ஒட்டியே பால்கனி. தேவைப்படும்போது ஒரே தாவாகத் தாவி பால்கனியின் சிமெண்ட் தரைக்குப் போகும், கம்பி வழியாகத் தெருவைப் பார்க்கும், மறுபடி ஒரே தாவாகக் கட்டிலுக்கு வந்துவிடும். கூடத்துப் பக்கம் வராது. யாராவது அறைக்குள் போனால் உறுமும். அவர் வர்றாரான்னு தெருவைப் பார்த்துட்டு வந்து, அவர் இடத்தைக் காக்குது என்று தையலம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தட்டை அவர் ஒரு முக்காலியில் வைத்து, வாசலிலிருந்தே துடைப்பக் கட்டையால் கட்டிலை ஒட்டித் தள்ளி வைப்பார். இரவில் கூடத்து நாற்காலியில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார்.

காரியம் முடிந்து தன் ஊருக்குப் போயிருந்த மகன் திரும்பி வந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து நாயை இழுத்தான். கையைக் கடித்துவிட்டது. காயம் பெரிதில்லை, ஆனால் அவன் பயந்துவிட்டான். தனியாக இருக்கும் அம்மாவையும் ஒருநாள் கடித்தால்? சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவரிடம் காவலுக்குப் பேசி முடித்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும். அதற்குள் நாய் தானாக இறங்கி, மனிதர்களிடம் ஒழுங்காக நடந்துகொண்டால் இருக்கட்டும். இல்லையென்றால் கிடங்கில் சங்கிலிதான்.

முதலில் விசில்காரர் போய்ப் பார்த்தார். அறை வாசலில் நிமிர்ந்து நின்றார். திரும்பி வந்து, தலைவன் போனபிறகும் காவலை விடாத சிப்பாய் அது, என் விசில் அங்கே செல்லாது, நீ போ என்றார்.

கம்பளியம்மா போனார். முதல் நாள் அறை வாசலில் விரித்து உட்கார்ந்தார். மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பால்கனிக் கதவின் திரை மூச்சு வாங்கி, மூச்சு விட்டது. அறையில் மருந்து வாசனையும் சவரச் சோப்பு வாசனையும் இன்னும் இருந்தன. மறுநாள் கட்டிலை ஒட்டி விரித்தார். முதுகுக்குப் பின்னால் நாயின் மூச்சு நீளமாகிக்கொண்டே வந்தது. அவருடைய மூச்சும் அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பகல் எங்கோ தொலைவில் நடப்பதாகத் தோன்றியது. கம்பளியின் ஓரம் அமுங்கியது. ஒரு பாதம், பிறகு இன்னொன்று. கனமான தாடை ஒன்று அவர் முழங்கால்மேல் வந்து படிந்தது.

வாசலில் நின்ற தையலம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நம்பிக்கை வந்துடுச்சுக்கா, இனி ஒண்ணும் பயமில்ல என்றார் கம்பளியம்மா. அன்று வீட்டுக்குப் போய் விசில்காரரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அந்தப் பெருமை ஒரு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் அவர் கூடத்தில் நின்று, கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேனேஜரைக் கூப்பிட்டார். அது கட்டிலின் ஓரத்துக்கு வந்தது. வால் அசைந்தது. ஒரு காலைக் கீழே நீட்டியது. பிறகு வாயை மூடிக்கொண்டது. காலை இழுத்துக்கொண்டு பின்வாங்கி, மெல்ல முனகியது.

நேற்று மடியில் தலை வைத்த நாய் இன்று ஏன் வரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காதபோது செய்வதையே செய்தார். கூடத்தில் கம்பளியை விரித்து உட்கார்ந்தார். நாய் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். கண் செருகியது. உறக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலக்கும் அந்த இடத்தில், தான் மிகத் தாழ்வாக, நாலு காலில் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. எதிரே அறையின் தரை முழுக்கத் தண்ணீர். ஜன்னலும் வானமும் தலைகீழாக அதில் மிதந்தன. கட்டில் ஒரு படகு. கால் வைத்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியாத தண்ணீர். அதன் நடுவே இரண்டு நீளமான கோடுகள், எதுவோ இழுபட்டுப் போனதுபோல்.

கண்ணைத் திறந்தபோது தண்ணீர் தரையாகிவிட்டது. கோடுகள் அப்படியே இருந்தன. நகக் கீறல்கள். தையலம்மா சமையலறையிலிருந்து அறை வாசல் வரைக்கும் வந்தார், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி.

"ஏன்கா சுவரைப் புடிச்சு நடக்கறீங்க?"

"வழுக்குதும்மா. அவர் காரியமெல்லாம் முடிஞ்சதும் பையன் அறையில கிடந்த பழைய கம்பளத்தைச் சுருட்டித் தூக்கிப் போட்டுட்டு, தரைக்கு மெஷின் வெச்சு பாலிஷ் போட்டான். மருந்து வாடை போகட்டும்னு."

கம்பளியம்மா எழுந்தார். கம்பளியைக் கட்டிலை ஒட்டித் தரையில் விரித்துவிட்டு, நாயைத் திரும்பியும் பார்க்காமல் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். கம்பளியில் யாருமில்லை. மேனேஜர் இறங்கி வந்து அதன்மேல் நின்றது, முகர்ந்தது, நிம்மதியாகப் படுத்தது.

அது அவரிடம் வரவில்லை. கம்பளியிடம் வந்திருக்கிறது. அவர் தானே வழுக்கிவிடாமல் இருக்க அடியில் டியூபைத் தைத்தவர். நாய்க்கும் கால் இருக்கிறது என்பதுதான் தோன்றவில்லை. சாவும் பாலிஷும் அடுத்தடுத்து வந்ததால் எல்லோரும் சாவை மட்டுமே பார்த்தார்கள். மகன் இழுத்தபோது அது நாலு காலும் விரிந்து விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீளும் எந்தக் கையும் அதற்கு அந்தக் கைதான்.

மத்தியானம் வீட்டில் இதைச் சொன்னபோது விசில்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா கம்பளிதான் வேலை பார்த்திருக்கு. அதுக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடு."

"சிப்பாய்னு சொன்னவர் யாருங்க?"

"நான் சிப்பாய்னேன், நீ நம்பிக்கைன்ன. அந்த அம்மா துக்கம்னாங்க. நாய்கிட்ட யாராவது கேட்டோமா?" என்றார் அவர். பிறகு, சிரிப்பு அடங்கியதும், இதை அந்த அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டார். அந்தத் துக்கத்துக்கு வீட்டில் துணையாக இருந்தது அந்த நாய் ஒன்றுதானே.

கம்பளியம்மாவும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். சொல்லாமலே விரிப்பு போட்டுவிடலாம். நாய் துக்கம் தீர்ந்து எழுந்ததாகத் தையலம்மா நினைத்துக்கொள்வார். ஆனால் ஒருநாள் விரிப்பைத் துவைக்க எடுப்பார். நாய் மறுபடி கட்டிலில் ஏறும், உறுமும், யாராவது இழுப்பார்கள். அன்றைக்குக் கிடங்கு வண்டியை யாராலும் நிறுத்த முடியாது.

சனிக்கிழமை காலையில் அவர் சொன்னார். தையலம்மா மெஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் நூலை வெளியே இழுத்துவிட்டார்.

"என் வீட்டுத் துக்கத்தை வழுக்கல்னு சொல்ல வந்தியாம்மா?"

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சரிபார்க்கிறவர்களைப்போல். மணி நின்றதும் தையலம்மா பால்கனிப் பக்கம் திரும்பினார். அறைக்குள், கட்டிலின் மேல், மேனேஜர் தூக்கத்தில் காலை உதறியது, எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"பால்கனியில தெருவைப் பார்க்குமே, அது?"

"எல்லா நாயும் பார்க்கும்கா. அவரை நினைக்கவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. தரைக்குப் பயப்படுது, அது மட்டும் தெரியும்."

தையலம்மா நெடுநேரம் அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:

"நான்தான் உள்ள போகல. நாய் விடலன்னு சொல்லிட்டா எல்லாரும் சரின்னுட்டுப் போயிடறாங்க. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

எழுந்து அலமாரியைத் திறந்தார். வெளிச்சம் புகாமலிருக்க அடியில் ரப்பர் பூசிய கனத்த திரைத்துணி மிச்சமிருந்தது. ஒரு மருத்துவமனைக்குத் தைத்ததில் மீந்தது. கத்தரிக்கோல் மேசையில் நடந்தது. கட்டிலிலிருந்து கூடம் வரைக்கும், கூடத்திலிருந்து வாசல் கதவு வரைக்கும் அகலமான பட்டைகளாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தார். கம்பளியம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓடும் சத்தத்தில் அறை முழுவதும் லேசாக அதிர்ந்து, வெயில்கூட உதறி விரிக்கப்படுவதுபோல் தரையில் நடுங்கியது. ரப்பர்ப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்துவிட்டு, இருவரும் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை.

முதலில் நகங்கள் துணியைத் தொடும் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. வயதான நாய் ஒன்று, வழியில் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல், பாதையின் நடுவாக நடந்து வந்தது. சமையலறை வாசலில் நின்று தையலம்மாவைப் பார்த்தது. அவர் கையை நீட்டவில்லை. கம்பளியம்மா அப்படிச் சொல்லியிருந்தார். அதுவாக வந்து அவர் பாதத்தின்மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டது.

ஞாயிறு பிற்பகல் மகன் வந்தபோது கதவைத் திறந்தது கம்பளியம்மா. கூடத்தில், மெஷினின் மிதிபலகைக்குப் பக்கத்தில் மேனேஜர் படுத்திருந்தது. அவன் கட்டுப்போட்ட கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். நாய் தலையைத் தூக்கி அவனை முகர்ந்தது. வாய் திறந்தே இருந்தது, நாக்கு தொங்கியது. தரையை இனிப் பாலிஷ் போட வேண்டாம், பட்டையைத் துவைக்கும் நாளில் வேறொன்றை விரிக்க வேண்டும், கழுத்தைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது என்று கம்பளியம்மா சின்னக் குரலில் அவனிடம் சொன்னார். ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்று அவன் பார்த்தான்.

"அம்மா எங்க?"

அறையைக் காட்டினார்.

தையலம்மா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம், தன் பாதியில் மட்டும், மறுபாதியைத் தொடாமல் ஒருக்களித்திருந்தார். விரிப்பு முழுக்கப் பழுப்பு முடி. தட்டிவிடாமல் அப்படியே படுத்திருந்தார். அவன் அப்பா போனதிலிருந்து அம்மா படுத்துத் தூங்கி அவன் பார்த்ததில்லை.

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. அவன் பட்டையின்மேல் அடியெடுத்து வைத்து, கட்டிலைச் சுற்றிப் பால்கனிக்குப் போனான். கிடங்குக்காரர் வண்டியிலிருந்து தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார். மகன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவருக்குப் புரியவில்லை, வருகிறேன் என்று சொல்வதாக நினைத்து இன்னொரு முறை ஹாரன் அடித்தார். மகன் கம்பிக்கு மேல் சாய்ந்து, ஒரு விரலை உதட்டில் வைத்து, மறு கையால் போ போ என்று காட்டிக்கொண்டே நின்றான், வண்டி திரும்பித் தெருமுனையைத் தாண்டும் வரைக்கும்.